முன் ஆசனத்தில் ஒரு பிள்ளை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது எமது பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் இங்கிலாந்தில் சிறுவர் வாட்டில் தாதியாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர்.)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது ஒரு பேச்சுப் போட்டியில். தலைப்பு 'நேரத்தின் அருமை'. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்ததால் பரிசு கிடைக்கவில்லை. இன்று மணி அடிக்கும் பொறுப்பைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் என்னைவிட இரண்டு வகுப்பு இளையவர், ஆகவே கொஞ்சம் சலுகை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் வரலாறு பேசலாம், சாதனையாளர்களைப் பற்றிப் பேசலாம். அவற்றை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் பேச வந்தது விமானத்தைப் பற்றி. கடும் நோயுற்ற பிள்ளைகளை ஒரு நாள் விமானத்தில் ஏற்றிப் பறக்க வைக்கும் ஒரு பழக்கம் வெளிநாடுகளில் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேல் அதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்கும் இரத்தினபுரிக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

முதலில் இது தொடங்கிய கதை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிறிஸ் கிரேசியஸ் என்று 7 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இரத்தப் புற்றுநோய். வைத்தியர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். அவனுக்குப் பெரியவனானதும் பொலிஸ்காரனாக வேண்டும் என்று ஆசை. 1980 ஏப்ரல் 29ஆம் திகதி, அந்த மாநிலப் பொலிசார் ஒரு ஹெலிகொப்டரில் அவனை ஏற்றி ஃபீனிக்ஸ் நகரத்துக்கு மேலே பறக்க விட்டார்கள். அவன் அளவுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் சைக்கிளில் ஓட்டுநர் பரீட்சையும் வைத்தார்கள். அதில் சித்தியடைந்து, மாநிலத்தின் முதலாவது கௌரவப் பொலிஸ் அதிகாரியாகச் சத்தியப்பிரமாணமும் எடுத்தான். மே 3ஆம் திகதி இறந்துபோனான். அவனுக்கு அந்த நாளைக் கொடுத்தவர்களும் அவனுடைய தாயும் சேர்ந்து, மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிச் செய்யவேண்டும் என்று அந்த வருடமே தொடங்கியதுதான் 'மேக் எ விஷ்' அமைப்பு. இன்று அது பல நாடுகளில் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது.

அதற்குப் பிறகு விமானத்தோடு சம்பந்தப்பட்ட பலரும் தங்களால் ஆனதைச் செய்யத் தொடங்கினார்கள். டக்ளஸ் பேடர் என்ற பிரித்தானிய விமானி 1931இல் ஒரு விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களோடு திரும்பி வந்து, இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டினார். அவர் இறந்த பிறகு, 1983இல், உடல் இயலாமை உள்ளவர்களுக்கு விமானம் ஓட்டப் பழக்கும் புலமைப்பரிசில் திட்டம் அவர் நினைவாகத் தொடங்கியது. 1987 முதல் 'ட்ரீம்ஃபிளைட்' என்ற அமைப்பு, நோயுற்ற அல்லது உடல் இயலாமை உள்ள பிள்ளைகளை ஒரு முழு விமானத்தில் ஏற்றி லண்டனிலிருந்து அமெரிக்காவின் ஒர்லாண்டோவுக்குக் கூட்டிச் செல்கிறது. ஒரு பயணத்தில் 192 பிள்ளைகள். வைத்தியர்களும் தாதிகளும் கூடவே போவார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் விபத்துக்குள்ளாகி நடக்க முடியாமல் போன அமெரிக்க விமானி ரிக் ஆம்பர், 1993இல் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளைச் சிறிய விமானங்களில் ஏற்றிப் பறக்கும் 'சலஞ்ச் எயார்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

இவையெல்லாம் பெரியவை. நான் பார்த்தது சின்னது. நான் வேலை செய்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு விமானத் திடல் இருந்தது. பச்சைப் புல்வெளி, ஒரு தகரக் கொட்டகை, ஒரு தேநீர்க் கடை, அவ்வளவுதான். வாரக் கடைசியில் பொழுதுபோக்குக்கு விமானம் ஓட்டும் ஆட்கள் அங்கே இருப்பார்கள். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, எங்கள் வாட்டுப் பிள்ளைகளுக்காக அவர்கள் தங்கள் சொந்தச் செலவில் எரிபொருள் ஊற்றி விமானம் ஓட்டுவார்கள். யார் தாதியாகக் கூடப் போவது என்று கேட்டபோது, சனிக்கிழமை வேலைக்கு ஒருபோதும் மறுப்புச் சொல்லாத இலங்கைக்காரியின் பெயரை எழுதிவிட்டார்கள். இப்படித்தான் நான் அதற்குள் போனேன்.

பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். இரத்தப் புற்றுநோய், இருதய நோய், தசைச் சிதைவு, சிறுநீரகம் பழுதானவர்கள் என்று பலவிதம். விமானம் நான்கு பேர் இருக்கக்கூடியது, செஸ்னா 172 போன்றவை. உள்ளே நமது ஊர்ப் பழைய மொரிஸ் மைனர் கார் அளவுதான் இடம். விமானி ஒரு பக்கம், பிள்ளை அவருக்குப் பக்கத்தில் முன் ஆசனத்தில். பின்னால் தாயோ தகப்பனோ ஒருவர், கூட நான். என் மடியில் வாந்தி எடுக்கும் பை, ஈரத்துணி, மருந்துப் பெட்டி. காது அடைக்காமல் இருக்கச் சப்புவதற்கு இனிப்பும் கொடுப்போம். பறப்பது இருபது, இருபத்தைந்து நிமிடந்தான்.

வைத்தியப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆசைப்பட்டவுடன் செய்யக்கூடிய காரியம் அல்ல. கட்டுநாயக்காவில் நாம் ஏறும் பெரிய விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேலே பறந்தாலும், உள்ளே காற்றமுக்கத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ளதுபோல் வைத்திருப்பார்கள். சிவனொளிபாத மலையின் உச்சி 7,359 அடி. அதாவது விமானத்துக்குள் எட்டு மணிநேரம் இருப்பது, மூச்சைப் பொறுத்தவரை, மலையுச்சியில் எட்டு மணிநேரம் இருப்பதைப் போன்றது. நமக்கு அது ஒன்றும் செய்யாது. இரத்தம் மிகக் குறைந்த பிள்ளைக்கும், நுரையீரல் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் ஒட்சிசன் போதாமல் போகலாம். சிறிய விமானம் அப்படியில்லை. இரண்டாயிரம் அடிக்குள்ளேயே பறந்துவிட்டு இறங்கிவிடும். பலாங்கொடைக்கு மேலே உள்ள தோட்டங்களில் நம் பிள்ளைகள் அதைவிட உயரத்தில்தான் பிறந்து வளர்கிறார்கள்.

இருந்தாலும் வைத்தியரின் கடிதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் ஏற்றமாட்டோம். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை, காய்ச்சல் இருக்கிறதா, வலிப்பு வருமா, நெஞ்சில் அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா என்றெல்லாம் பார்த்த பிறகுதான். மழையோ தாழ்ந்த முகிலோ வந்தால் பறப்பதே இல்லை. அன்றைக்கு விமானத்துக்குள் ஏறி உட்காரலாம், தீயணைப்பு வண்டியின் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கலாம் என்று வேறு ஏற்பாடு தயாராக இருக்கும். "வானிலை சரியில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று ஒரு பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அதை அந்த ஆட்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயது. இரண்டு வருடமாக எங்களிடம் மருந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவன் அதிகம் பேசமாட்டான். பேசுவதற்கு என்ன இருக்கிறது? எப்போது சாப்பிடுவது, எந்தக் கையில் ஊசி, எப்போது வீட்டுக்குப் போவது, எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஊசி போடும் முன் "போடலாமா?" என்று நாங்களும் கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோமா? மாட்டோம். அது பிள்ளைகளுக்குத் தெரியும்.

மேலே ஏறியதும் விமானி அவனைப் பார்த்து, "இடப்பக்கம் போகலாமா, வலப்பக்கம் போகலாமா, நீயே சொல்லு" என்றார். அவன் பதில் சொல்லவில்லை. விமானியும் அவசரப்படுத்தவில்லை, நேராகவே ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன், "எங்கள் வீட்டுக்கு மேலே போக முடியுமா?" என்று கேட்டான். போனோம். வீட்டுக் கூரை தெரிந்தது, கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த தாய் அழத் தொடங்கிவிட்டார். திரும்பும் வழியில் எங்கள் வைத்தியசாலையும் கண்ணில் பட்டது. அதை அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கே இருந்து பார்த்தால் அது எவ்வளவு சின்னது!" என்றான்.

அந்தப் பிள்ளை அடுத்த கோடையைக் காணவில்லை. விமானம் அவன் நோயைக் குணப்படுத்தவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சிறுவர் வைத்தியசாலை ஒன்றில், ஆசை நிறைவேற்றப்பட்ட 496 பிள்ளைகளையும், அதே வயதும் அதே வகை நோயும் உள்ள வேறு 496 பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆசை நிறைவேறிய பிள்ளைகள் திடீரென வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது குறைவு என்று கண்டார்கள். பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமும் இல்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் பையன் வாட்டில் எங்களோடு பேசினான். எந்தக் கையில் ஊசி என்று அவனே சொன்னான். எங்களுக்கும் கேட்கும் பழக்கம் வந்தது.

இனி இரத்தினபுரிக்கு வருகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை என்பது இங்கே என் வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டினார். எனக்கு நான்கு வயது இளைய தம்பி ஒருவன் இருந்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவனைப் பற்றி நான் எங்கேயும் பேசியதில்லை.

அவனுக்கு விமானம் என்றால் பைத்தியம். பழைய கொப்பித் தாள் ஒன்றையும் விட்டுவைக்கமாட்டான், எல்லாம் விமானமாகிவிடும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்கு யாத்திரிகர்களை ஏற்றி வந்த விமானம் ஒன்று, கட்டுநாயக்காவில் இறங்க வரும்போது நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழுகன்னி மலையில் மோதியது. 191 பேரும் இறந்துபோனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நடந்தாலும், செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவி எங்கள் லயத்துக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வானத்தில் சத்தம் கேட்டாலே எங்கள் அப்பாயி திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, "முருகா, இந்தப் பக்கம் விழுந்துராமப் பாத்துக்க" என்பார். தம்பி வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "அதுக்குள்ள இருந்து பாத்தா நம்ம லயம் தெரியுமா அக்கா?" என்று கேட்பான். எனக்கு எப்படித் தெரியும்? "தெரியும்டா" என்று சொல்லிவைத்தேன்.

1976இல் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. உடம்பில் அடிபடாமலே நீலமாகக் கண்டிப்போனது. தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரி, பிறகு மஹரகம. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு விடியுமுன்னே தோட்டத்திலிருந்து இறங்கி நடப்பார். குருவிட்ட, எஹெலியகொட, அவிசாவளை என்று பஸ் போகும். போகிற ஒவ்வொரு நாளும் அம்மாவுக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றையச் சம்பளம் இல்லை. அம்மா போகும் நாட்களில் சின்னத் தங்கையைப் பார்த்துக்கொள்ள நான் பாடசாலைக்கு வரமாட்டேன். என் வகுப்பாசிரியை ஒரு நாளும் ஏன் வரவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டதில்லை. விடுபட்ட பாடங்களைத் தன் கையால் எழுதி என் கொப்பிக்குள் வைத்துவிடுவார். அவர் இன்று உயிரோடு இல்லை. அந்தக் கையெழுத்து எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை நானும் அவர்களோடு மஹரகமவுக்குப் போனேன். கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பி, "அம்மா, பிளேன் எறங்குற எடம் இங்கிட்டுப் பக்கந்தானாம். பாத்துட்டுப் போவமா?" என்றான். இரத்மலானையைத்தான் சொன்னான், வாட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினார். திரும்ப முடிந்துகொண்டார். "அடுத்த வாட்டி போவம் சாமி" என்றார். அவன் சரி என்றான், அழவில்லை. அடுத்த முறை அவனால் நடக்க முடியவில்லை. அதற்கடுத்த முறை என்று ஒன்று வரவில்லை.

1991இல் நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அம்மா கட்டுநாயக்கா வரைக்கும் வந்தார். அப்போதுதான் அவர் வாழ்நாளில் முதன்முறையாக விமானத்தைக் கிட்டப் பார்த்தார். என்னை அனுப்புகிற கவலையில் அழுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு அவனுக்குக் காட்டியிருக்கலாம் புள்ள" என்றார். பதினைந்து வருடம் அதை மனசில் வைத்திருந்திருக்கிறார்.

அம்மாவின் கையில் அன்று கொஞ்சம் கூடுதலாகக் காசு இருந்திருந்தால் எதற்குச் செலவழித்திருக்க வேண்டும்? ஒரு முட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம், பஸ்ஸுக்கு வைத்திருக்கலாம். நோயுற்ற பிள்ளைகளுக்கு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி தேடாமல் விமானம் காட்டுவது பணக்காரர் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். முதல் சனிக்கிழமை அந்தப் புல்வெளியில் நின்றபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வதன்படி, வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவு. 2030க்குள் எல்லா நாடுகளிலும் குறைந்தது 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். வித்தியாசத்துக்குக் காரணம் மருந்து இல்லாதது மட்டும் அல்ல. நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பதும், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் பெரிய காரணங்கள். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பஸ்ஸும், தங்கும் இடமும், இழக்கும் சம்பளமும் இலவசம் இல்லை. அங்கேதான் தோட்டத்துத் தாய் தோற்றுப்போகிறாள்.

இங்கே ஆசிரியைகள் பலர் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், முகம் வெளிறிப்போதல், அடிபடாமல் வரும் நீலத் தழும்பு, எலும்பு நோகிறது என்று பிள்ளை இரவில் அழுவது, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது. இவற்றில் எதைக் கண்டாலும் தாயை அழைத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேறு சின்னக் காரணமாகத்தான் இருக்கும். இருந்தாலும் காட்டச் சொல்லுங்கள்.

சிகிச்சைதான் முதலாவது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் அம்மா சாகும்வரை எண்ணிக்கொண்டிருந்தது கிடைக்காத மருந்தை அல்ல, காட்டாமல் விட்ட விமானத்தை. மருந்து அவர் கையில் இல்லை. அந்த ஒரு மணிநேரம் தன் கையில் இருந்ததாக அவர் நினைத்தார். பிள்ளை போன பிறகும் குடும்பம் வாழவேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு நல்ல நாளின் ஞாபகமாவது வேண்டும். நான் போய்வந்த விமான நாட்களில் நோயுற்ற பிள்ளையின் அக்கா தங்கை அண்ணன் தம்பிக்கும் ஒரு சுற்று உண்டு. நோயுள்ள வீட்டில் அவர்களைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும்.

கடந்த வருடம் ஊருக்கு வந்திருந்தபோது, எங்கள் உறவில் ஒரு பிள்ளைக்காக மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போனேன். 'அபேக்ஷா' என்றால் சிங்களத்தில் நம்பிக்கை. நம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த சிறுமி ஒருத்தியும் தாயும் அங்கே இருந்தார்கள். பழக்கத்தில், "ஒனக்கு என்ன ஆசை?" என்று கேட்டேன். விமானம், கடல், பொம்மை என்று எதையாவது சொல்வாள் என்று நினைத்தேன். "பஸ்ஸுல டிரைவர் அண்ணே பக்கத்துல, முன்னுக்கு ஒக்காந்து போகணும் மிஸ்" என்றாள். மருந்து ஏற்றிவிட்டு வரும்போது வாந்தி வரும் என்று அவளை எப்போதும் பின்னால் சன்னல் ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

அன்று நாங்கள் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். சாரதியிடம் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, முன்னால் இருந்த தன் பையை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். ஹோமாகம, அவிசாவளை, எஹெலியகொட, குருவிட்ட என்று ஒவ்வொரு ஊர் வரும்போதும் அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரத்தினபுரி வரைக்கும் அவளுக்கு வாந்தி வரவில்லை. பிள்ளைகள் கண்டதைத்தான் ஆசைப்படுவார்கள். நம் பிள்ளைகள் கண்டது அவ்வளவுதான்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, இந்த மாவட்டத்திலிருந்து சிகிச்சைக்குப் போகும் தோட்டப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் பயணச் செலவும், இழக்கும் நாட்சம்பளத்தில் ஒரு பகுதியும் கொடுக்க ஒரு நிதி. வெளிநாட்டில் இருக்கும் நாம் மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் போதும். தேர்வு செய்யும் வேலையை வைத்தியசாலையின் சமூகசேவை உத்தியோகத்தர்களோடு சேர்ந்து செய்யவேண்டும். நமக்குத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று பார்க்கக்கூடாது.

இரண்டாவது, வருடத்தில் ஒரு நாள், அந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய சகோதரர்களையும் இரத்மலானைக்குக் கூட்டிப்போவது. 1935 நவம்பரில் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ முதலாவது விமானத்தை இறக்கிய இடம் அது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். விமானப்படையின் அருங்காட்சியகம் 2009 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பழைய விமானங்களை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பஸ், மத்தியானச் சாப்பாடு, கூடவே ஒரு தாதி. இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழக்கும் பாடசாலைகளும் இருக்கின்றன. வைத்தியர்கள் சம்மதித்தால், இருபது நிமிடம் பறக்க வைப்பீர்களா என்று அவர்களிடம் போய்க் கேட்கலாம். மறுக்கவும் கூடும். கேட்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? 2003 மே மாத வெள்ளத்தில் நம் ஊரே தண்ணீருக்குள் இருந்தபோது ஹெலிகொப்டர்கள் வந்து சாப்பாடு போட்டதை இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள். வானத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரின் வழி தெரியும்.

மூன்றாவது, ஒரு கட்டுப்பாடு. அந்த நாளில் பதாகை வேண்டாம், பிள்ளையின் கையில் பொதி கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம், முகநூலில் போட வேண்டாம். படம் எடுத்தால் அது தாயிடம் கொடுப்பதற்கு மட்டும். இன்னொன்று, நிச்சயமாகச் செய்ய முடியாததை ஒரு பிள்ளையிடமும் வாக்குக் கொடுக்க வேண்டாம். "அடுத்த வாட்டி" என்ற சொல்லின் பாரம் எனக்குத் தெரியும்.

நிதிக்கு முதல் தொகையை அம்மாவின் பெயரில் இன்று காலை பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். முதலாவது பயணத்துக்கு நானே தாதியாக வருவேன். வாந்திப் பையைப் பிடிப்பதில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு. என்னோடு வர விரும்புகிறவர்கள் மண்டபத்தை விட்டுப் போகும்முன் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். வரமுடியாமல் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் இருந்து இதை மலரில் படிக்கும் சகோதரிகள் அவருக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். இந்த முறை அடிப்பதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்கிறேன்.